நீல மூடி மருந்து

போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போன ஆண்பிள்ளை ஊருக்கு வரும்போது என்ன கொண்டுவருகிறான் என்பதை வைத்துத்தான் மல்லசமுத்திரம் பக்கம் அவன் பெண்டாட்டியின் மதிப்பை எடைபோடுவார்கள். ஒருவன் கம்பளிப் போர்வை கொண்டுவருவான். ஒருவன் வடநாட்டுப் புடவை கொண்டுவருவான். இன்னொருவன் வெறுங்கையோடு வந்து, அதை யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று வாசலிலேயே சண்டையை ஆரம்பிப்பான். சென்றாயன் கொண்டுவந்தது கண் மருந்து.

சிரிக்க வேண்டாம். அவன் யோசித்துத்தான் கொண்டுவந்தான். பத்தொன்பது வயதில் திருச்செங்கோட்டில் ரிக் ஏறியவன் அவன். பைப் தூக்கும் ஆளாகச் சேர்ந்து பதினைந்து வருஷத்தில் டிரில்லர் ஆனான். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எந்தச் சீமைப் பாறை எப்படிச் சத்தம் போடும் என்பது அவன் காதுக்குப் பாடம். வருஷத்தில் பத்து மாதம் வெளியில்தான். மகள் சௌமியா பிறந்த சேதியே பதினொரு நாள் கழித்துத்தான் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

போர் போடும்போது கம்பரசர் காற்றில் பாறை மாவு புகையாகக் கிளம்பும். ரிக்கில் இருப்பவர்களுக்குச் சாயங்காலம் ஆனால் கண் கோவைப்பழமாகிவிடும். அப்படி ஒருநாள் சத்தீஸ்கரில் ஒரு சின்ன டவுனில், மருந்துக்கடைக்காரன் நீல மூடி போட்ட ஒரு சீசாவை எடுத்து நீட்டினான். கண்ணுக்கு இரண்டு சொட்டு. பத்து நிமிஷத்தில் சிவப்பு போய் அரிப்பும் நின்றது. சென்றாயனுக்கு உடனே பொன்னாயி ஞாபகம் வந்தது.

அவன் மனைவி பொன்னாயிக்கு முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை. ஷெட்டுக்குள் கோழி எச்சத்தின் வாடை மூக்கைவிடக் கண்ணைத்தான் முதலில் பிடிக்கும். கோடையில் கேட்கவே வேண்டாம். கண்ணைக் கசக்கிக் கசக்கி இமையெல்லாம் தடித்துக் கிடக்கும். அந்த முறை ஊருக்கு வந்ததும் பையிலிருந்து சீசாவை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"இந்தா புள்ள, ரெண்டு சொட்டு உட்டுப் பாரு."

"எரியுமுங்களா?"

"எரியாது. சில்லுன்னு இருக்கும்."

சில்லென்றுதான் இருந்தது. மறுநாள் பண்ணையிலிருந்து வந்தவள், "ஏனுங்க, இத்தன வருசத்துல இன்னக்கித்தான் கண்ணைக் கசக்காம வேல பாத்தேன்" என்றாள். அன்றைக்கு அவனுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் டஜன் கணக்கில் வாங்கிவந்தான். அவளும் பண்ணையில் கூட வேலை பார்க்கிற பெண்களிடம் எடுத்துக் காட்டுவாள். "எங்க ஊட்டுக்காரரு கொண்டாந்தது" என்பாள். வடநாட்டுப் புடவையைக் காட்டுகிறவளின் முகம்கூட அந்தப் பெருமைக்குத் தோற்றது. இப்படி ஏழு வருஷம் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன் தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தான். கவனித்தான் என்பதுகூடத் தப்பு. கண்ணில் பட்டது, விட்டுவிட்டான். சமையலறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் பொன்னாயியின் வலது தோள் கதவு நிலையில் இடித்தது. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, தினமும்.

"ஏம்புள்ள, அந்தக் கதவுக்கு உன்ர மேல அப்படி என்ன கோவம்?" என்று கேலி செய்தான். அவளும் சிரித்தாள்.

அடுத்த மாதமே பண்ணையில் முட்டை அட்டை ஒன்றை அடுக்கின் மேல் வைப்பதாக நினைத்துக்கொண்டு, அடுக்குக்கு வெளியே வெறும் காற்றில் வைத்துவிட்டாள். முப்பது முட்டையும் காலடியில் உடைந்தன. பண்ணைக்காரர் திட்டவில்லை. கண்ணைப் போய்க் காட்டச் சொன்னார். சென்றாயன் ரிக்குக்குத் திரும்பாமல் அவளைச் சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் நர்மதா சின்ன வயசுக்காரர், பேச்சில் சுற்றி வளைக்கிறதே கிடையாது. வலது கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது என்றார். இடது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சம் இருந்தது.

"கண்ணுக்குள்ள எப்பவும் தண்ணி ஊறிக்கிட்டு இருக்கும், வடிஞ்சுக்கிட்டும் இருக்கும். வடியற வழி அடைச்சுக்கிட்டா கண் பிரஷர் ஏறும். ஏறின பிரஷர் பின்னாடி இருக்கற நரம்பைக் கொன்னுடும். செத்த நரம்பு திரும்ப வராது. இருபதுக்குள்ள இருக்க வேண்டியது, உங்களுக்கு நாப்பதுக்கு மேல இருக்கு" என்றவர், பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "கடையில வாங்கி ஏதாவது சொட்டு மருந்து ரொம்ப நாளாப் போட்டீங்களா? ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைச் சும்மா போட்டுக்கிட்டே இருந்தா சில பேருக்கு இப்படி ஆகும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றான் சென்றாயன்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவன் யோசித்துப் பொய் சொல்லவில்லை. சூடு பட்ட கை தன்னால் பின்னுக்குப் போகுமே, அப்படித்தான் அந்த வார்த்தை வந்தது. பொன்னாயியும் இல்லை என்று தலையாட்டினாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யே அல்ல. கடை மருந்து என்றால் மல்லசமுத்திரத்துக் கடையில் வாங்குவது. இது புருஷன் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கொண்டுவந்தது. அது வேறு, இது வேறு.

அன்றைக்கே செவ்வாய்ப்பேட்டையில் சாமான் வாங்கிவருவதாக அவளிடம் சொல்லிவிட்டுப் போனவன், அங்கே ஒரு மருந்துக்கடையில் சட்டைப்பையிலிருந்த சீசாவை எடுத்துக் காட்டினான். கடைக்காரர் லேபிளைப் பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டுங்க. டாக்டர் சீட்டு இல்லாம இதைப் போடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். சென்றாயன் அந்தக் கடை வாசலில், ஆட்டோக்காரர்கள் ஏசுவதுகூடக் காதில் விழாமல் நின்றான்.

மறுநாள் மத்தியானம் பொன்னாயி தூங்கும்போது வீட்டிலிருந்த பதினாலு சீசாக்களையும் துண்டில் முடிந்துகொண்டு காட்டுக்குப் போனான். ஊருக்குத் தெற்கே அவனே போட்டுப் பொய்த்துப்போன ஒரு போர் இருந்தது. எண்ணூறு அடி, சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மேலே மூடியிருந்த கல்லை நகர்த்தி ஒவ்வொரு சீசாவாக உள்ளே போட்டான். கடைசிச் சீசாவும் போனபிறகு கல்லை மூடிவிட்டு வந்து, "அந்த மருந்துக்குத் தேதி முடிஞ்சுபோச்சு புள்ள, எறிஞ்சுட்டேன்" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றி ஊரில் சொல்வார்கள். இவன் எண்ணூறு அடி ஆழத்தில் மறைத்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடியட்டும், சொல்லலாம் என்றிருந்தான். முடிந்தது. கட்டுப் பிரிக்கட்டும் என்றிருந்தான். பிரித்தார்கள். இடது கண்ணுக்கும் ஆபரேஷன் வந்தது. கண்ணின் மேல்பக்கம் தண்ணீர் வடியப் புதிதாக ஒரு வழி வெட்டிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் அந்த வழியும் தழும்பு விழுந்து மூடிக்கொண்டது. திரும்பத் திறந்துவிட்டார்கள். மறுபடி பிரஷர் ஏறியது. வலது கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சமும் போய், வலி மட்டும் தங்கியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டி, சோறு இறங்குவதே கஷ்டமாகிவிட்டது. அவளிடம் அடி வாங்குவதற்கோ ஏச்சு வாங்குவதற்கோ அவன் பயப்படவில்லை. மிச்சமிருக்கும் அந்த ஒரு வட்டத்துக்குள் தன் முகத்தை வைத்து அவள் எப்படிப் பார்ப்பாள் என்பதற்குத்தான் பயந்தான்.

"எல்லாம் சரியாத்தான் செய்யறோம். இந்தக் கண்ணு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?" என்றார் டாக்டர் ஒருநாள், தன்னையே கேட்டுக்கொள்வதுபோல. சென்றாயன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் லேசர் பேச்சு வந்தது. அவன் ரிக்காரன் என்று தெரிந்து டாக்டர் அவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "தொட்டியில தண்ணி வெளிய போற வழி அடைச்சிருக்கு. ரெண்டு தடவை திறந்தோம், நிக்கல. இனி உள்ள தண்ணி விடற மோட்டாரையே கொஞ்சம் அடக்கப் போறோம். கண்ணை வெட்ட மாட்டோம். பேனா மாதிரி ஒரு முனையை வெள்ளை விழி மேல வெச்சு ஓரமா நகர்த்துவோம். அந்தச் சூடு உள்ள போய்த் தண்ணி சுரக்கற சதையைத் தொடும்."

வலது கண்ணுக்கு முதலில் செய்தார்கள். அது பழைய முறை. ஒவ்வொரு இடமாக வைத்து விடாமல் சூடு கொடுத்து அந்தச் சதையைக் கருக்கிவிடுவது. பார்வை போன கண் என்பதால் அங்கே இழக்க ஒன்றுமில்லை. வலி அடங்கினால் போதும். வலி அடங்கியது. ஆனால் பார்வை உள்ள கண்ணுக்கு அவ்வளவு சூடு ஆகாதாம். அதற்குப் புது முறை இருந்தது. சூட்டை விட்டு விட்டு, கண் சிமிட்டுவதைவிடச் சின்ன இடைவெளியில் துண்டு துண்டாகக் கொடுப்பது. நடுவில் சதை ஆறிக்கொள்ளும். "இடது கண்ணுக்கு இதுதான். இதுவும் நிக்கலைன்னா அடுத்து என்ன செய்யறதுன்னு யோசிக்கணும்" என்று டாக்டர் சொன்னபோது பொன்னாயி, "ஆவட்டுங்க டாக்டரம்மா" என்றாள்.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை லேசர் போட நாள் குறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பேர் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. பொன்னாயி இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். வெற்றிலைதான் எடுக்கிறாள் என்று நினைத்தான். அவள் தலையை அண்ணாந்து, இடது இமையை விரலால் இழுத்துப் பிடித்தாள். கையில் நீல மூடிச் சீசா இருந்தது.

சென்றாயன் பாய்ந்து பிடுங்கினான். ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்து வழிந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"ஏனுங்க இப்படிப் புடுங்கறீங்க? பண்ணையில எங்கூட வேல பாக்கற முத்தாயக்கா கிட்ட இருந்தது. நான் அவளுக்குக் குடுத்ததுதான். நம்மூட்டுல இருந்ததைத்தான் தேதி முடிஞ்சுதுன்னு எறிஞ்சுட்டீங்களே, அதான் அவகிட்டத் திருப்பி வாங்கிக்கிட்டேன்."

"எத்தன நாளா போடற?"

"அரிப்பெடுத்தாப் போடுவேன். ஆஸ்பத்திரிக்கு வாரப்பவெல்லாம் போட்டுக்குவேன். கண்ணு செவசெவன்னு போயி நின்னா டாக்டரம்மா என்ன நெனைப்பாங்க?"

டாக்டரைப் பார்க்கக் குளித்து நல்ல சேலை கட்டி வருவதுபோல, கண்ணையும் வெளுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும். இந்த ஒன்றரை வருஷமாக ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பக்கம் இறைக்க, இவள் மறுபக்கம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் கல்லை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

சென்றாயன் எழுந்து டாக்டர் அறைக்குள் போய் மேஜைமேல் அந்தச் சீசாவை வைத்தான். பொன்னாயியும் சுவரைத் தடவிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றதை அவன் பார்க்கவில்லை.

"நாந்தானுங்க வாங்கியாந்தேன். ஏழு வருசம். மொத நாளு நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியுமுங்க. இல்லேன்னு பொய் சொல்லிட்டனுங்க."

டாக்டர் சீசாவைத் திருப்பிப் படித்தார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பேன். உங்க மனைவி இதைப் போட்டுக்கிட்டே இருக்காங்கன்னு தெரியாம நான் கண்ணை ரெண்டு தடவை திறந்திருக்கேன்" என்றார். சத்தமே போடாமல்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் சென்றாயனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

அவன் கண்ணையும் சோதித்தார்கள், அவனும் அதே மருந்தைப் போட்டவன் அல்லவா. பதினைந்துதான் இருந்தது. இந்த மருந்து எல்லாருக்கும் பிரஷர் ஏற்றுவதில்லையாம், சிலருக்குத்தானாம். தனக்கும் கொஞ்சம் வந்திருக்கக் கூடாதா என்று சென்றாயன் அந்த நிமிஷம் மனசாரக் கேட்டுக்கொண்டான். கொண்டுவந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் அவன் தாங்க வேண்டியிருந்தது.

லேசரைத் தள்ளிப்போட நேரமில்லை என்று அன்றைக்கே செய்தார்கள். கண்ணுக்கு அடியில் மரத்துப்போக ஊசி. பிறகு அந்தப் பேனா முனை, மேல் பாதிக்கு ஒரு முறை, கீழ்ப் பாதிக்கு ஒரு முறை. டீ குடித்து வருகிற நேரத்தில் முடிந்துவிட்டது. இடது கண்ணைக் கட்டி வெளியே அனுப்பினார்கள்.

இருந்த ஒரு கண்ணுக்கும் கட்டுப் போட்டாகிவிட்டது. பொன்னாயிக்கு உலகமே இருட்டு. சென்றாயன் கையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள். அவன் அறைக்குள் சொன்னது முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது. ஆட்டையாம்பட்டி தாண்டும்வரை அவள் அவன் கையை விடவில்லை, விட்டால் விழுந்துவிடுவாள்.

"கொண்டாந்ததுக்கு உங்களை நான் கேக்கமாட்டேன். ஆசையாக் கொண்டாந்தீங்க, நானும் ஆசையாப் போட்டுக்கிட்டேன்" என்றாள் கடைசியில். "தெரிஞ்சதுக்குப் பொறவு வாய மூடிக்கிட்டு எம்பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே, அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கறீங்க?"

"பயமா இருந்துச்சு புள்ள" என்றான்.

"கண்ணு போறது எனக்கு. பயம் உங்களுக்கா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சென்றாயன் அழுதான். அவள் சமாதானம் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தான்.

"பதினோரு ஊடு" என்றாள்.

"என்ன பதினொண்ணு?"

"அந்த மருந்தை நான் குடுத்த ஊடு. பெருமையாக் குடுத்தேனுங்க. நம்ம சௌமியாளுக்கும் ஒண்ணு குடுத்திருக்கறேன்."

மறுநாள் காலையில் திரும்பவும் சேலத்துக்குப் போனதும் கட்டுப் பிரித்தார்கள். முப்பத்தாறு இருந்த பிரஷர் பத்தொன்பதுக்கு வந்திருந்தது. ஒரு மாதம் பார்த்தால்தான் உறுதி, தேவைப்பட்டால் இன்னொரு தடவை செய்துகொள்ளலாம், போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஒரு மாதத்தில் அது பதினாறுக்கு இறங்கி அங்கேயே நின்றது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது அவர்களுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்ட பொன்னாயி வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். முதலில் மகள் வீடு என்றாள்.

ஆட்டையாம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த சௌமியா அந்தச் சீசாவைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிரிஜ் கதவில் அப்படியே இருந்தது. சென்றாயன் அதைக் கையில் வாங்கிக்கொண்டான். "தேதி முடிஞ்ச மருந்து சாமி, அதுதான்" என்று ஆரம்பித்தான்.

"உண்மையச் சொல்லுங்க" என்றாள் பொன்னாயி, பின்னாலிருந்து.

சொன்னான். மகள் அப்பனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலும் அப்படித்தான். அவன் தேதி முடிந்தது என்று சொல்ல வாயெடுக்குமுன் பொன்னாயி தொண்டையைக் கனைப்பாள். அவன் முழுதும் சொல்வான். நான் கொண்டுவந்தது, இதனால்தான் இவளுக்குக் கண் போனது, தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன், நீங்களும் போய்க் கண் பிரஷர் பாருங்கள். ஒரு வீட்டில் சீசாவை முகத்தில் எறிந்தார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். மோர் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று ஒரு கிழவர் முகத்துக்கு நேரே கேட்டார். இரண்டு நாளில் பத்து வீடு முடிந்தது.

பதினோராவது வீடு முத்தாயம்மாளுடையது. பண்ணையில் பொன்னாயியோடு சேர்ந்து முட்டை பொறுக்கியவள், ஐந்து வருஷமாக அதே மருந்தைப் போடுகிறவள். பொன்னாயிக்குத் திருப்பிக் கொடுத்தது போக இன்னும் இரண்டு வைத்திருந்தாள்.

"வாங்க தம்பி, நானே சொல்லி உடலாம்னு இருந்தேன். அடுத்த தடவ போறப்ப எனக்கு ரெண்டு சேத்திக் கொண்டாங்க" என்றாள்.

சென்றாயன் சொன்னான். பத்து முறை சொல்லியும் நாக்குக்குப் பழகவில்லை. முத்தாயம்மாள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அவளுக்கு என்ன நேரமோ, வந்திருச்சு. எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, கண்ணு பளிச்சுன்னு இருக்குது. வேண்டாம்னா எடுத்துட்டுப் போங்க, இருங்க, கொண்டாறேன்."

எழுந்து உள்ளே போகத் திரும்பினாள். அவள் வலது தோள் கதவு நிலையில் மோதியது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல், தினமும் நடப்பதுபோலத் தோளைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள்.

பொன்னாயிக்கு அது தெரிந்திருக்காது. அவளுடைய வட்டத்துக்குள் அந்தக் கதவு இல்லை. ஆனால் சத்தம் கேட்டிருந்தது.

"இடிச்சுக்கிட்டாளா?" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"சோத்தாங்கைப் பக்கம்."

பொன்னாயி அவன் கையைத் தேடிப் பிடித்தாள். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவளாக அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அது மன்னிப்பு அல்ல என்று அந்தப் பிடியின் இறுக்கத்திலேயே அவனுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிக்கிட்டு நாமளே போலாம்" என்றாள். "இந்தத் தடவ, டாக்டரம்மா கேக்கறதுக்கு முன்னாலயே நீங்க சொல்லோணும்."

"சொல்றேன்" என்றான் சென்றாயன்.